வளரும் கன்றும் தாது உப்பும்

(கிராமப் பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



தொப்பூர்க் கணவாயின் அடிவாரக் கிராமங்களிலும், அப்பால் நல்லம்பள்ளி வரையிலும், குடியானவர் ஒருவர் மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் முதலில் செய்யும் காரியம் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பதேயாகும். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று கண்டு வயதை நிச்சயித்த பிறகே விலை பேச்சு நடக்கும். பல்லின் நிறமும் தேய்மானமும் அப்பொழுது கண்ணுக்குத் தப்புவதில்லை. வெண்மை குன்றிச் சுண்ணாம்பு பூசினாற்போலவோ, பழுப்பும் கறுப்புமாகக் கோடு விழுந்தோ, ஒரு பக்கம் குட்டையாகத் தேய்ந்தோ இருக்கும் பல்லையுடைய கிடாரிக்குப் பாதி விலையும் கிடைப்பது அரிது. ஆனால் அந்தப் பல் கெட்டது சந்தைக்கு வந்த வருஷத்தில் அன்று. அது ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருந்த காலத்தில், அஃதாவது அந்தக் கிடாரி கன்றாயிருந்தபோதே கெட்டுவிட்டது. கன்றுக்கு உள்ளே செல்லும் தாதுப் பொருள்கள் எவை, எவை குறைவு, எது அதிகம் என்பதைக் கவனிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

கன்றின் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது. பாஸ்பரஸ் என்னும் சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கும் அவ்விடங்களிலேயே தங்குகிறது. எஞ்சிய சொற்பமும் வீணன்று. தசை அசைவதற்கும், இரத்தம் உறைவதற்கும், தின்ற தீனி சக்தியாக மாறுவதற்கும் அவையே வேண்டும். இவை போதாதபோது உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் செலவிடும். வளர்ந்த பசுவுக்காவது எடுக்கச் சேமிப்பு உண்டு. கன்றோ எலும்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பிராணி. அதனிடம் எடுப்பதற்கு மிச்சம் கிடையாது.

தாய்ப்பால் குடிக்கும் வரையில் இந்தக் கவலை அதிகமில்லை. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்தும் 0.9 கிராம் பாஸ்பரஸும் உள்ளன. அவை எளிதில் ஜீரணமாகும் நிலையிலும் உள்ளன. ஆனால் பாலில் இரும்பும் தாமிரமும் மிகக் குறைவு. இவ்விரண்டையும் கன்று பிறக்கும்போதே ஈரலில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் கையிருப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பாலைக் குறைத்து, கன்றை வைக்கோலுக்கும் தொட்டித் தண்ணீருக்கும் விடுகிற மூன்றாவது, நான்காவது மாதமே சோதனைக் காலம். பாலைச் சங்கத்துக்கு ஊற்றவேண்டும் என்ற அவசரத்தில் அந்தக் காலத்தை இன்னும் முன்னால் இழுப்பதும் பல வீடுகளில் உண்டு. காசு கண்ணெதிரே வரும்போது கன்றின் பங்கைக் குறைப்பது எளிது. அதன் நஷ்டம் இரண்டு வருஷம் கழித்து, சினைப்பருவம் எய்தாத கிடாரியாகக் கொட்டிலில் நிற்கும்.

கணக்கு ஒன்று பார்க்கலாம். நூறு கிலோ எடையுள்ள கன்று நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவில் வளர வேண்டுமானால் அதற்கு ஏறக்குறைய 15 கிராம் சுண்ணாம்புச் சத்தும் 8 முதல் 10 கிராம் வரை பாஸ்பரஸும் வேண்டும். தராசு இல்லாத வீட்டில் எடையை நாடாவினால் அறியலாம். முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனைவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 42, நீளம் 38 அங்குலமுள்ள கன்று ஏறக்குறைய 101 கிலோ இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை இதை அளந்து சுவரிலாவது எழுதி வைத்தால், கன்று வளர்கிறதா, வெறும் வயிறு மட்டும் பெருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அத்தகைய கன்று ஒன்றுக்கு நெல் வைக்கோல் மட்டுமே போடப்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோ வைக்கோலில் பாஸ்பரஸ் இரண்டரைக் கிராமுக்கு மேல் இராது. வேண்டியதில் நாலில் ஒரு பங்குதான். சுண்ணாம்புச் சத்து ஆறு கிராம் அளவில் இருந்தாலும், வைக்கோலிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றிவிடும். கேழ்வரகுத் தாள் இதைக் காட்டிலும் நல்ல தீனி என்பதை இப்பக்கத்துக் குடியானவர்கள் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பாஸ்பரஸ் விஷயத்தில் எந்தத் தாளும் தட்டும் ஏழையே. மானாவாரிச் செம்மண்ணில் விளைந்து முற்றி உலர்ந்த பயிர் அந்தச் சத்தைத் தானியத்துக்கு அனுப்பிவிட்டு நிற்கிறது.

அதே கன்றுக்கு ஒரு கிலோ வைக்கோலோடு ஒரு கிலோ நிலக்கடலைக்கொடியும், அரைக் கிலோ கோதுமைத் தவிடும் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. கடலைக்கொடியிலிருந்து சுண்ணாம்புச் சத்து பத்துக் கிராமுக்கு மேல் வருகிறது. தவிட்டிலிருந்து பாஸ்பரஸ் ஐந்து கிராம் வருகிறது. இன்னும் மூன்று நாலு கிராமே குறை. அதில் பெரும்பகுதியைத் தாது உப்புக் கலவை 20 கிராம் நிரப்பிவிடும். ஆகவே தாது உப்பு என்பது தீனிக்குப் பதிலாக வரும் மருந்து அன்று; தீனி செய்யக்கூடியதைச் செய்தபின் மிஞ்சிய பள்ளத்தை நிரவும் பொருள். கடலைக்கொடியை வியாபாரிக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பொட்டலம் வாங்கிக் கன்றுக்குக் கொடுப்பது தலைகீழான சிக்கனமாகும். அகத்தி, சூபாபுல், கொள்ளுக்கொடி முதலியவை கிடைக்கும் காலத்தில் அவற்றையும் விடலாகாது. புரதத்துக்குக் கொஞ்சம் புண்ணாக்கும் வேண்டும்.

குறைவின் அடையாளங்கள் பலவாகும். கன்று சுவரை நக்குதல், மண் தின்னுதல், துணியையும் கயிற்றையும் சவைத்தல், கிடந்த எலும்பைக் கடித்தல் ஆகியவற்றைக் கண்டால் பாஸ்பரஸ் குறைவு என்று ஐயுறலாம். தென்னாப்பிரிக்காவில் மேய்ச்சல் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைத் தேடித் தின்று நோயுற்று மடிந்தன. அதன் மூல காரணம் புல்லிலும் மண்ணிலும் பாஸ்பரஸ் இல்லாமையே என்று ஸர் ஆர்னால்ட் தைலர் 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் விளக்கினார். மாடுகளின் ஆசை பைத்தியக்காரத்தனமன்று, பசியே என்பது அன்று தெளிவாயிற்று. ஆனால் மண் தின்னும் கன்றெல்லாம் தாது உப்பு கேட்கிறதென்று முடிவு செய்துவிடலாகாது. குடற்புழு உள்ள கன்றும் மண் தின்னும். பிறந்த பத்தாம் நாளை ஒட்டி முதல் தடவையும், பின்னர் ஆறு மாதம்வரை மாதந்தோறும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி புழு நீக்க மருந்து கொடுத்திருக்க வேண்டும். அது செய்யாத வயிற்றில் எந்தச் சத்தும் நிற்காது.

கால் வளைதல், முட்டி வீங்குதல், முதுகு கூனுதல் ஆகியவை எலும்பு உறுதிப்படாமையின் அடையாளங்கள். கன்றை இருட்டுக் கொட்டிலில் வெயில் படாமல் கட்டிவைப்பதும் இதற்குத் துணை செய்யும். சூரிய வெளிச்சத்தால் தோலில் உண்டாகும் வைட்டமின் இல்லாவிடில் சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து சரியாக ஏறாது. தாமிரக் குறைவில் ரோமம் நிறம் மங்கி, கண்ணைச் சுற்றி வெளுக்கும். துத்தநாகக் குறைவில் தோல் தடித்துச் செதிலாகும். கோபால்ட் குறைந்தால் பசி மந்தித்துக் கன்று இளைக்கும். அயோடின் குறைந்தால் கழுத்தில் கட்டி தோன்றும். இவற்றின் அளவு மிகச் சிறியதாகையால் வீட்டில் கலக்க முயல்வது அபாயம். கலவையிலேயே அவை அளவோடு சேர்க்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். எலும்புக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று கேள்விப்பட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவைக் கன்றுக்கு ஊற்றுவோர் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்தால்தான் எலும்பாகும். கடலைக்கொடி தின்னும் கன்றுக்கு மேலும் சுண்ணாம்பைக் கொடுத்தால், ஏற்கெனவே குறைந்த பாஸ்பரஸ் இன்னும் குறைந்ததாகவே ஆகும். நோக்கம் நல்லது, பலன் மாறானது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தர்மபுரி ஜில்லாவுக்கு வேறொரு விசேஷமுண்டு. இங்கே பூமியின் அடியிலுள்ள கருங்கற்பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. மழை குறைந்த பிரதேசத்தில் தண்ணீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, அந்தப் புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. கிணறு ஆழமாக ஆழமாக இந்தக் கலப்பு அதிகமாயிருப்பது சகஜம். சென்னை மாகாணத்தில் இதனால் மனிதர்களின் எலும்பு இறுகி முதுகு வளையாமற் போகும் நோயை நெல்லூர்ப் பக்கத்தில் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் 1937-ஆம் வருஷத்தில் விவரித்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இந்தக் கஷ்டத்தை நீக்குவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானிய நிதியுதவியோடு முடிக்கப்பெற்று, 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் வீட்டுக்குள் வந்தது பெரிய பாக்கியம். ஆனால் பல வீடுகளில் அந்த நீர் குடத்தோடு சமையலறைக்குப் போக, கொட்டிலிலுள்ள தொட்டி ஆழ்துளைக் கிணற்று நீராலேயே நிரம்புகிறது. மனிதர் தப்பிய இடத்தில் கன்று நிற்கிறது.

புளோரைடு கன்றை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிந்துகொண்டால் காவலும் எளிதாகும். தாய் மாடு கெட்ட நீரைக் குடித்தாலும் அதன் பாலில் புளோரைடு மிகச் சொற்பமே இறங்கும். ஆகவே பால் குடிக்கும் கன்றுக்குத் தாயே ஒரு வடிகட்டி. பால் நின்றபின் அந்தக் காவல் இல்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையில், நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதிகமான புளோரைடு பல்லின் மேற்பூச்சைக் கெடுத்துவிடும். பாற்பற்கள் கருப்பையிலேயே பெரும்பாலும் உருவானவை. அவை வெண்மையாகவே இருக்கும். இதனால்தான் ஒரு வயதுக் கன்றின் வாயைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு பல் போடும்போதே உண்மை வெளிப்படும். அப்பொழுது திருத்த வழியில்லை. தேய்ந்த பல்லால் தட்டைச் சவைக்க இயலாமலும், குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதால் நாயைப்போல் நாவால் நக்கிக் குடித்தும் மாடு மெலியும். புளோரைடு இன்னும் மிகுந்தால் தாடையிலும் விலாவிலும் கால் எலும்பிலும் முடிச்சு வளர்ந்து நொண்டும்.

தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு உள்ள கிணறு என்று கொள்வோம். மனிதர் குடிப்பதற்கு வேறு வழியில்லாவிடத்தும் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே இது கெட்ட கிணறுதான். வெயில் காலத்தில் நூறு கிலோக் கன்று 12 லிட்டர் குடித்தால் 36 மில்லிகிராம் உள்ளே போகும். வளரும் கிடாரி தாங்கக்கூடிய எல்லை, உலர்ந்த தீனி கிலோ ஒன்றுக்கு 40 மில்லிகிராம் என்று நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். மூன்று கிலோ தீனிக்கு 120 மில்லிகிராம். எனவே தண்ணீர் மட்டும் அந்த எல்லையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிடுகிறது. தீனியிலும் தீனியில் ஒட்டிய மண்ணிலும் கொஞ்சம் சேரும். மிச்சமுள்ள இடம் குறுகியது. அந்தக் குறுகிய இடத்தில் எந்தத் தாது உப்பைப் போடுவது என்பதே சங்கத்தின் முன்னுள்ள கேள்வி.

தாது உப்புக் கலவைக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அதன்படி நல்ல கலவையில் நூற்றுக்கு 20 பங்கு சுண்ணாம்புச் சத்தும், 12 பங்கு பாஸ்பரஸும் இருக்கவேண்டும். புளோரின் நூற்றுக்கு 0.07 பங்குக்கு மேல் இருத்தலாகாது. அத்தகைய கலவை 20 கிராமில் புளோரின் 14 மில்லிகிராமுக்கு மிகாது. தண்ணீரோடு சேர்த்தாலும் 50 தான். இனி, குறைந்த விலைக்கு மூட்டையாக வரும் பெயரற்ற பொடி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பாஸ்பரஸுக்காக அதில் சுத்தி செய்யாத பாறைப் பாஸ்பேட் சேர்க்கப்பட்டிருக்கலாம். வயலுக்கு உரமாகப் போடும் அந்தப் பாறைப் பொடியில் புளோரின் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இயல்பாகவே உண்டு. பொடி முழுவதும் அதுவேயானால் 20 கிராமில் 600 மில்லிகிராம். கெட்ட கிணற்றின் நீரைப் பதினாறு நாள் குடித்தாலும் சேராத புளோரைடு ஒரே நாளில், உரிமையாளரின் கையாலேயே கன்றின் வாயில் விழுகிறது. பாதியே பாறைப் பொடியாயிருந்தாலும் எல்லையைப் போல் இரண்டரை மடங்கு. இதை ஒரு வருஷம் அன்போடு ஊட்டி வளர்த்த குடியானவர், ஒன்றும் ஊட்டாத பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிலும் கெட்ட பல்லையுடைய கிடாரியைச் சந்தைக்குக் கொண்டுபோவார். உரக் கடையில் வாங்கிய பாஸ்பேட்டை மாட்டுக்குக் கொடுக்கும் யோசனையும் இக்காரணத்தால் அறவே விலக்கத்தக்கது. மாட்டுத் தீனிக்கென்று சுத்தி செய்த டைகால்ஷியம் பாஸ்பேட் வேறு, உரம் வேறு.

முற்காலத்தில் பாஸ்பரஸுக்கு எலும்புத் தூளே சிறந்தது என்று பிரசுரங்கள் போதித்து வந்தன. இங்கிலாந்தில் 1986-இல் மாடுகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய நோய் கண்டறியப்பட்டு, இறைச்சி எலும்புத் தூள் கலந்த தீனியே அதைப் பரப்பியது என்று தெரியவந்தபின் 1988-இல் அங்கே அது தடை செய்யப்பட்டது. இந்தியாவிலும் பால் தரும் கால்நடைகளுக்கு மாட்டின் இறைச்சி எலும்புத் தூள் கலந்த தீனி கொடுத்தலாகாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதித்தது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு எலும்பு அரைக்கத் தொடங்குவோர் இதை அறியவேண்டும்.

ஆதலின் தாது உப்பைத் தனித்தனியே வாங்காமல் சங்கத்தின் மூலம் வாங்குதல் உசிதம். தனி மனிதர் ஒரு கிலோப் பொட்டலம் வாங்கும்போது கடைக்காரரிடம் புளோரின் அளவைக் கேட்டால் அவர் சிரிப்பார். இருநூறு கன்றுகளுக்குச் சேர்த்து வாங்கும் சங்கம் கேட்டால் எழுத்தில் பதில் வரும். மூட்டையின் மேல் தர முத்திரையும், சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், புளோரின் ஆகிய மூன்றின் அளவும், தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காரியதரிசி மூட்டையை இறக்கவே கூடாது. 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்தந்தப் பிரதேசத்தின் மண்ணையும் தீனியையும் ஆராய்ந்து அதற்கேற்ற கலவையைத் தயாரித்திருக்கிறது. அதை விசாரித்து வாங்குவதும் நலம். விலையைப் பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொண்டால் எவருக்கும் பாரமாகாது. ஒரு கன்றுக்கு மாதம் முக்கால் கிலோவுக்கு மேல் செலவில்லை.

கொடுக்கும் முறையும் முக்கியம். கன்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் வரையிலும், வளர்ந்த கிடாரிக்கு 50 கிராமும் கொடுக்கலாம். முதல் வாரம் பாதி அளவில் தொடங்கி, ஈரத் தவிட்டில் பிசைந்து கொடுத்தல் நல்லது. தண்ணீர்த் தொட்டியில் தூவினால் அடியில் படிந்துவிடும். பல கன்றுகளுக்கு ஒரே தொட்டியில் வைத்தால் பலமுள்ளது தின்றுவிட, வேண்டிய கன்று நின்று பார்க்கும். சாப்பாட்டு உப்பு 5 முதல் 10 கிராம் வேறாகச் சேர்க்கலாம். மூடியில்லாத டப்பாவில் வைத்த கலவை ஈரம் ஏறிக் கட்டியாகும்.

தண்ணீர் விஷயத்தில், நல்ல நீர் போதாத வீட்டினர் உள்ளதைக் கன்றுக்கு முதலிலும் வளர்ந்த மாட்டுக்குப் பிறகும் கொடுக்கலாம். பல் முளைத்து முடிந்த மாட்டைவிடக் கன்றுக்கே ஆபத்து அதிகம். கூரையில் விழும் மழைநீரிலும், தொப்பையாற்று அணை போன்ற நீர்த்தேக்கங்களிலும், ஏரி குட்டைகளிலும் தேங்கும் மேல்நீரிலும் புளோரைடு குறைவாகவே இருப்பது வழக்கம். கெட்ட நீரோடு அதைப் பாதிக்குப் பாதி கலந்தாலும் அளவு பெரிதும் குறையும். கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகப் போய்ப் புளோரைடு மிஞ்சும்.

எந்தக் கிணறு நல்லது, எது கெட்டது என்பதைச் சுவையாலோ நிறத்தாலோ அறிய முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறுபடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். கண்ணாடிச் சீசாவில் எடுக்காமல், சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலம்பி, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டபின் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். புட்டியின் மேல் கிணற்றுக்காரர் பெயர், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். சித்திரை வைகாசியில் ஒரு தடவையும், வடகிழக்கு மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு தடவையும் எடுத்து, விடையைச் சங்கக் கட்டடத்தின் வாசலில், பால் ஊற்ற வருவோர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுவது காரியதரிசியின் வேலை.